‘கையை விரிச்சிட்டாங்க’ என்று சொல்வதற்கு முன்: கடும் நோயுள்ள பிள்ளைகளுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பு

திருகோணமலையில் ஒரு பிள்ளைக்குப் பெரிய வருத்தம் என்றால் செய்தி எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். முதலில் பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பார்கள். சில மாதம் கழித்து கோயில் வாசலிலோ மீன் வாங்கும் இடத்திலோ யாரோ குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: “டொக்டர்மார் கையை விரிச்சிட்டாங்களாம். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிட்டாங்களாம்.”

அத்தோடு அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்திக்கு இப்படித்தான் நடந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அவள் அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தாள். காலையில் எழும்பினாள், காட்டூன் பார்த்தாள், தம்பியோடு சண்டை பிடித்தாள், நோகுது என்று அழுதாள். நடுச்சாமத்தில் மூச்சு முட்டினால் யாருக்கு அழைப்பெடுப்பது என்று அவளுடைய தாய்க்குத் தெரியாது. அந்த ஏழு மாதத்துக்கு எந்த டொக்டரும் திட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. அயலவர்களான நாங்களும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினோம்.

கைவிரித்தல் என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. நோயைக் குணமாக்க முடியாது என்பது ஒன்று. பிள்ளைக்காகச் செய்ய எதுவுமில்லை என்பது மற்றது. முதலாவது சில வேளை உண்மை. இரண்டாவது எந்தப் பிள்ளை விஷயத்திலும் உண்மையில்லை. குணமாக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும் பிள்ளையின் நோவையும் அவதியையும் குறைத்து, குடும்பத்தையும் சேர்த்துத் தாங்குவதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை இருக்கிறது. பாலியேட்டிவ் கெயார் என்பது அதன் பெயர். தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றும் வலிதணிப்புச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். வலியை மட்டும் பார்க்கிற வேலை இல்லை என்பதால் நான் முதலாவதையே எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லும் அது வந்த வழியும்

இலத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் போர்வை. கனடாவின் மொன்றியலில் பல்ஃபோர் மவுண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1970களின் நடுப்பகுதியில் இந்தப் பெயரை வைத்தார். கடும் நோயாளிகளைப் பராமரிக்கும் இடங்களுக்கு ஏற்கெனவே இருந்த ஹொஸ்பிஸ் என்ற பெயரையே வைத்திருக்கலாம். ஆனால் அங்கே பிரெஞ்சு பேசும் மக்களுக்கு அந்தச் சொல் ஏழைகள் கடைசியாகப் போய்க் கிடக்கும் மடத்தைத்தான் நினைவூட்டியது. ஒரு பெயருக்குப் பயந்து மக்கள் உதவி கேட்காமல் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

அவருக்கு முன்னோடி இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். முதலில் தாதி, பிறகு சமூகசேவை உத்தியோகத்தர், கடைசியில் டொக்டர். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். அவர் சொன்ன முக்கியமான கருத்து ‘முழு வலி’. நோவு உடம்பில் மட்டும் இருப்பதில்லை. மனதிலும், வீட்டுச் சூழலிலும், கடவுளோடு உள்ள கணக்கிலும் இருக்கிறது, நாலும் ஒன்றையொன்று கூட்டிவிடும் என்றார்.

கிண்ணியாவில் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் கால் எலும்பில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கால் நோகிறது. பள்ளிக்கூடம் போய் மாதங்களாகிவிட்டன, கூட்டாளிகள் வருவதில்லை. இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிவதால் வாப்பா தோணி தள்ளவில்லை, உம்மாவின் காப்பு அடகுக் கடையில். இது எல்லாம் அவனுக்குத் தெரியும். போதாததற்கு, “நான் வாப்பாட போனை உடைச்சதுக்குத்தான் அல்லாஹ் இப்படித் தந்திட்டான்” என்று யாருக்கும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் ராத்திரியில் நோவு அடங்காது. யாராவது பக்கத்தில் இருந்து அந்தப் போன் கதையை வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பராமரிப்பில் டொக்டரும் தாதியும் மட்டுமல்லாமல் சமூகசேவை உத்தியோகத்தர், மனநல ஆலோசகர், மதப் பெரியவர், ஆசிரியர், அயலவர் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

பிள்ளைகளுக்கென்றே முதல் ஹொஸ்பிஸ் 1982இல் ஒக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்டது. பெயர் ஹெலன் ஹவுஸ். சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரிக்கு, மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஹெலன் என்ற சின்னப் பிள்ளையின் குடும்பத்தோடு பழக்கம். தாய் தகப்பன் பிள்ளையை வீட்டில் வைத்தே பார்த்தார்கள். இடையிடையே சகோதரி பிள்ளையைப் பொறுப்பெடுத்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்விலிருந்துதான் அந்த வீடு பிறந்தது. சாவதற்குப் போகும் இடமாக அது எண்ணப்படவே இல்லை. இன்றைக்கும் பிரித்தானியாவில் பிள்ளைகளின் ஹொஸ்பிஸுக்கு ஒரு குடும்பம் வருடக்கணக்காக வந்து போகும். சில நாள் தங்குவார்கள், சகோதரங்கள் விளையாடும், தாய் நித்திரை கொள்வாள்.

சரி, ஹொஸ்பிஸுக்கும் பாலியேட்டிவுக்கும் என்ன வித்தியாசம்? பாலியேட்டிவ் என்பது பெரிய குடை, நோய் கண்ட நாளிலிருந்து விரியக்கூடியது. ஹொஸ்பிஸ் அதற்குள் ஒரு பகுதி. பெரும்பாலும் கடைசிக் காலத்தோடு சேர்ந்தது, சில இடங்களில் ஒரு கட்டடம், சில இடங்களில் வீட்டுக்கு வரும் ஒரு குழு. அமெரிக்காவில் ஹொஸ்பிஸ் உதவி பெற, ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடு இருப்பது கடினம் என்று டொக்டர் சொல்ல வேண்டும், குணமாக்கும் சிகிச்சையையும் விட வேண்டும் என்று விதி இருந்தது. எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? 2010இல் அங்கே வந்த சட்டம், அரசாங்க மருத்துவ உதவி பெறும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் பெறலாம் என்று மாற்றியது.

எந்தப் பிள்ளைகளுக்கு?

புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அது ஒரு பங்குதான். பிரித்தானிய மருத்துவர்கள் இதை நாலு கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். குணமாகலாம், ஆனால் தவறியும் போகலாம் என்ற நோய்கள்: புற்றுநோய், இதயக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை. நீண்ட காலம் நன்றாக வைத்திருக்கலாம், ஆனால் ஆயுள் குறையும் என்ற நோய்கள்: தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் டுஷேன் நோய் இதற்குள் வரும். தொடக்கத்திலிருந்தே குணமாக்க வழியில்லாமல் வளர்ந்துகொண்டு போகும் சில பரம்பரை நோய்கள் மூன்றாவது. நாலாவது, நோய் வளராவிட்டாலும் உடல் மிகவும் பலவீனமாக இருப்பதால் ஒரு சளிக் காய்ச்சலே ஆபத்தாகிவிடும் நிலை. கடுமையான மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள பிள்ளைகள் இங்கே வருகிறார்கள்.

இந்த நாலாவது கூட்டத்தைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ பதினைந்து வருடமாக ஒரு பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிக்கொண்டிருக்கும் தாயை “பாவம், அவளுடைய விதி” என்று சொல்வோம். அவளுக்குப் பாலியேட்டிவ் உதவி உரியது என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவளுக்கும் தோன்றுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவை. அவர்களில் 7 சதவீதமளவில் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் 97 சதவீதத்துக்கு மேல் நம்முடையது போன்ற, வருமானம் குறைந்த அல்லது நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள்.

எப்போது தொடங்குவது?

நோய் இன்னதென்று சொல்லப்பட்ட நாளில். இது என் கருத்தில்லை. 1998இல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கென்று கொடுத்த வரைவிலக்கணமே அப்படித்தான் சொல்கிறது. நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது தொடர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

கொட்டியார்குடாவில் மகாவலி கடலோடு சேரும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். இது ஆறு, இது கடல் என்று கோடு கிழிக்க முடியாது. மேலே முழுக்க நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு ஏறும். குணமாக்கும் சிகிச்சையும் நோய்த்தணிப்பும் அப்படித்தான் கலந்து ஓடும். புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறும் நாளிலும் பிள்ளைக்குச் சத்தி வராமல் பார்ப்பதும், ஊசிக்குப் பயப்படாமல் இருக்க விளையாட்டுக் காட்டுவதும் நோய்த்தணிப்புத்தான். பிள்ளை குணமாகிவிட்டால் மிகவும் நல்லது, செய்தது எதுவும் வீணில்லை.

“பாலியேட்டிவ் டொக்டரைப் பாருங்கள்” என்று சொன்னதும் பிள்ளையின் நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று குலைந்துபோகிறோம். அப்படி அர்த்தமில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்த வளர்ந்தவர்களிடம் செய்து 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்புப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட இரண்டரை மாதமளவில் கூடுதலாக வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கும் அதே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆயுளைக் குறைத்துவிடும் என்ற பயம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நோவு

சின்னப் பிள்ளை நோவை எப்போதும் சொல்லாது. சொன்னால் ஊசி போடுவார்கள் என்று மறைக்கும். அம்மா அழுவாள் என்று மறைக்கும். ஆபத்தானது என்னவென்றால், நீண்ட நாள் கடும் நோவில் இருக்கும் பிள்ளை அழுவதையே விட்டுவிடலாம். அசையாமல், விளையாட்டுச் சாமானைத் தொடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் படுத்திருக்கும். நாமோ “இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறாள், ஒரு கரைச்சலும் இல்லை” என்போம்.

அதனால் நோவை அளக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வரிசையாக முகங்கள் வரைந்த அட்டை. சாதாரண முகத்தில் தொடங்கி நோவால் சுருங்கிய முகம் வரை இருக்கும், பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி போடுவார்கள். பத்துக்கு எத்தனை என்று வரும். மூளைவாதமுள்ள பிள்ளையென்றால் இந்த அட்டைகளைவிடத் தாயின் கண் பெரிது. “இவனுக்கு நோகும்போது இடது கையை இப்படித் திருகுவான்” என்று தாய் சொல்வதைத் தாதி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துக்கு வருவோம். புற்றுநோய் வலிக்கு மூன்று படி என்று 1986இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஏணி போட்டது. 2012இல் பிள்ளைகளுக்கு அதை இரண்டு படியாக்கியது. இலேசான நோவுக்குப் பரசிட்டமோல் அல்லது இபுபுரோஃபன். நடுத்தரம் முதல் கடும் நோவுக்கு மோர்பின் வகை. நடுவில் இருந்த கோடீனை எடுத்துவிட்டார்கள். உடம்பு கோடீனை மோர்பினாக மாற்றித்தான் பயன்படுத்துகிறது; சில பிள்ளைகளின் உடம்பு அதை மாற்றுவதே இல்லை, சிலருடையது ஆபத்தான வேகத்தில் மாற்றிவிடும். யாருக்கு எப்படி என்று வெளியிலிருந்து தெரியாது.

மோர்பின் என்றதும் வீட்டில் ஒரு சத்தமில்லாத பீதி பரவும். போதைமருந்து, பழகிவிடும், கடைசி மருந்து, மூச்சை நிறுத்திவிடும். ஒவ்வொன்றாக எடுப்போம். டொக்டரின் கண்காணிப்பில் நோவுக்காகக் கொடுக்கும் பிள்ளை போதைக்கு அடிமையாவது மிக அரிது. ஆனால் உடம்பு பழகியிருக்கும் என்பதால் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. பிள்ளையின் நிறைக்கேற்ப குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவதால் மூச்சு நிற்கும் என்ற பயமும் பெரும்பாலும் தேவையில்லை. உண்மையில் மூச்சுத் திணறலைத் தணிக்கவும் சின்ன அளவில் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை அதிகம் தூங்கலாம். பல வேளை அது நோவால் விட்ட நித்திரையின் பாக்கி. தட்டி எழுப்ப முடியாத தூக்கம் என்றால் அது வேறு, உடனே சொல்ல வேண்டும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. எனவே மோர்பின் எழுதும் அன்றே வயிற்றை இளக்கும் மருந்தும் எழுதவேண்டும். மறந்துவிட்டார்களென்றால் நீங்கள் நினைவுபடுத்தலாம்.

இன்னும் இரண்டு விஷயம். நோவு வந்தபின் கொடுப்போம் என்று காத்திருக்கக்கூடாது. மணிக்கணக்கு வைத்து, நோவு தலைதூக்குமுன் கொடுக்க வேண்டும். பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணித்து என்ன பயன்? அடுத்தது, பாணி மருந்தைத் தேக்கரண்டியால் அளக்க வேண்டாம். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஊசியில்லாத சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். போத்தலைப் பூட்டி வையுங்கள், வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கும்.

“ஒரு வாய் சாப்பிடு”

மருந்தைவிட வீட்டில் அதிகம் கண்ணீர் வரவைப்பது சாப்பாடுதான். நம் ஊரில் அன்பு கையால் பிசைந்து ஊட்டப்படுவது. பிள்ளை வாயைத் திருப்பினால் தாய்க்குத் தன்னையே திருப்பியது போல இருக்கும். போதாததற்கு வருகிற சித்தியும் மாமியும் “ஒண்டும் சாப்பிடக் குடுக்கிறதில்லையா, இப்பிடி இளைச்சுப் போச்சே” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நோய் முற்றும்போது பசி தானாகவே மங்கும். உடம்பு சாப்பாட்டைப் பயன்படுத்தும் நிலையில் இருக்காது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், சத்தி எடுக்கும், சாப்பாட்டு நேரம் என்றாலே பிள்ளைக்குப் பயம் வரும். அந்தக் கட்டத்தில் வயிற்றை நிரப்புவதை விட்டு நாக்குக்குக் கொடுக்கலாம். விருப்பமான ஐஸ்கிரீம் அரைக் கரண்டி. நனைத்த துணியால் உதடு துடைத்தல். சின்ன ஐஸ் துண்டு. ஆனால் எது நல்லது என்று அயலவரிடம் கேட்டுச் செய்யாதீர்கள். சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கு இளநீர் கூட ஆபத்து, அதில் பொட்டாசியம் அதிகம். குளிர்ச்சி என்று ஆசையாக வெட்டிக் கொடுப்போம்.

மூச்சு முட்டும்போது பிள்ளையைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, சின்ன மின்விசிறிக் காற்று கன்னத்தில் படும்படி வைத்தால் ஆறுதல் கிடைக்கும். வலிப்பு வரக்கூடிய பிள்ளையென்றால் வீட்டிலேயே கன்னத்துக்குள் விடும் மருந்து உண்டு. அதைப் பற்றி முன்னரே டொக்டரிடம் கேட்டு, கொடுக்கும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளையிடம் சொல்வதா?

சொல்லக்கூடாது என்பதுதான் நம் வழக்கம். தாய் தகப்பனிடமே சொல்லாமல் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் ஊர் இது.

ஆனால் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். 1970களில் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் வாட்டில் இருந்து கவனித்த மானிடவியலாளர் ஒருவர், யாரும் சொல்லாமலே மிகச் சின்னப் பிள்ளைகளும் தாங்கள் சாகப்போவதை அறிந்திருப்பதைக் கண்டார். பெரியவர்கள் நடிப்பதைப் பார்த்து, அவர்களுக்காகப் பிள்ளைகளும் தெரியாததுபோல நடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை தாயைக் காப்பாற்றுகிறது!

சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த நானூற்றுச் சொச்சம் பெற்றோரிடம் கேட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதம் பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். சுவீடன் வேறு, திருகோணமலை வேறுதான். இருந்தாலும் அந்தப் பூச்சியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

பேசுவது என்றால் உட்கார வைத்து அறிவிப்பதில்லை. பிள்ளை கேட்கும், அதுவும் நாம் எதிர்பாராத நேரத்தில், ஓட்டோவில் போகும்போது, தலை வாரும்போது. “நான் செத்துப் போவேனா அம்மா?” அப்போது “சீ, என்ன கதை இது” என்று வாயை மூடாமல், “ஏன் கேக்கிறாய், நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்டால் போதும். பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்று அதுவே காட்டும். பல வேளை அதற்குத் தெரிய வேண்டியது நோகுமா, அம்மா பக்கத்தில் இருப்பாளா, தன்னுடைய சைக்கிளை யார் எடுப்பார்கள் என்பவைதான்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சாவு என்பது போய்விட்டுத் திரும்பி வருவது. அவர்களிடம் “தூங்கிட்டா” என்று சொல்லாதீர்கள். பிறகு தூங்கவே பயப்படும். “சாமியிட்டப் போயிட்டா” என்றால் எப்போது வருவா என்று கேட்கும், அல்லது தன்னையும் கூட்டிப் போய்விடுவார் என்று கோயிலுக்கு வர மறுக்கும். ஒன்பது பத்து வயதில் பெரும்பாலும் நம்மைப் போலவே புரிந்துகொள்கிறார்கள்.

அம்மம்மா வீட்டில் விடப்பட்டவர்கள்

தாயும் தகப்பனும் நோயாளிப் பிள்ளையோடு கொழும்புப் பக்கம் போனால் மற்றப் பிள்ளைகள் அம்மம்மா வீட்டில். சாப்பாடு கிடைக்கும், பள்ளிக்கூடமும் நடக்கும். ஆனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாத இடத்தைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பும். சண்டையில் “நீ செத்துப் போ” என்று சொன்னேனே, அதனால்தானோ என்று ஏழு வயதுத் தம்பி நம்பிவிடுவான். எனக்கும் வருமா என்று கேட்க மாட்டான். திடீரென்று படுக்கையை நனைப்பான், வகுப்பில் அடிபடுவான், அல்லது எல்லோரும் மெச்சும்படி மிகமிக நல்ல பிள்ளையாகிவிடுவான். கடைசி வகையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

அவனுக்கு மூன்று விஷயம் நேராகச் சொல்லப்பட வேண்டும்: இது உன்னால் வந்ததில்லை, உனக்குத் தொற்றாது, உன்னைப் பார்க்க ஆள் இருக்கிறது. பரம்பரை நோய் என்றால் இரண்டாவதை டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: அக்காவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, மருந்து நேரத்துக்கு மணி பார்ப்பது. வகுப்பாசிரியரிடமும் நிலைமையைச் சொல்லிவையுங்கள்.

260 கிலோமீற்றர்

நம் மாவட்டத்தின் சிக்கல் தூரம். பிள்ளைகளின் புற்றுநோய்க்கு முக்கிய இடம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. இங்கிருந்து கொழும்புக்கே சுமார் 260 கிலோமீற்றர். நோய்த்தணிப்புக்கென்று பிள்ளைகளுக்காக நாட்டில் முதலாவதாக அமைந்த ‘சுவ அரண’ நிலையமும் மகரகமவில்தான். இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை அதை நடத்துகிறது. நம் பக்கத்துக்குக் கிட்ட என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் வடக்கே தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை என்பது நம் நாட்டின் பெரிய கொடை. பஸ் செலவு, தங்கும் செலவு, விட்ட கூலி, மொழி தெரியாத வாட்டில் தாயின் தவிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளில், அங்கேயே வாங்கிக்கொண்டு வர வேண்டியவை இருக்கின்றன. நோய் என்ன, எந்த மருந்து எவ்வளவு என்று இங்குள்ள டொக்டருக்கு ஒரு கடிதம். நோவு கூடினால், வலிப்பு வந்தால், மூச்சு முட்டினால் என்ன செய்வதென்று எழுதிய ஒரு தாள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கொண்டு அன்றே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கும் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண். மோர்பின் முடிந்தால் இந்த மாவட்டத்தில் எங்கே கிடைக்கும் என்ற பதில். பிறகு இங்கே திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பிள்ளைகள் பிரிவில் கடிதத்தைக் காட்டிப் பதிந்துகொண்டால், அவசரத்தில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லிவையுங்கள். வீடு வீடாக வருபவர் அவர்தான்.

பிள்ளையைக் கடைசிவரை வீட்டில் வைத்திருப்பதா, ஆஸ்பத்திரியிலா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். சில பிள்ளைகளுக்கு வீடு, நாய்க்குட்டி, கடற்காற்று வேண்டும். சிலருக்குத் தாதி மிஸ்மார் பக்கத்தில் இருந்தால்தான் தைரியம். முடிவை மாற்றவும் உரிமை உண்டு. வீட்டில் என்று தீர்மானித்தால் பிறகு மரணப் பதிவுப் பத்திரங்களுக்கு அலையாமலிருக்க கிராம உத்தியோகத்தரோடு முன்னரே பேசுவது நல்லது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அந்த வேலையை ஒரு மாமாவிடம் ஒப்படைத்துவிடலாம்.

கேரளாவைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபால், சுரேஷ் குமார் என்ற டொக்டர்களும் நண்பர்களும் ஒரு சின்னச் சங்கமாகத் தொடங்கியது, மலப்புரம் பக்கத்தில் ஊர்மக்களே நடத்தும் வலையமைப்பாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள், கூடவே ஒரு தாதி, வாரத்தில் சில நாள் வீடு வீடாகப் போகிறார்கள். கட்டடம் பெரிதாக ஒன்றுமில்லை. மரணவீடு என்றால் ஒழுங்கை முழுவதும் கூடிப் பந்தல் போட்டு, மூன்று வேளையும் சமைத்து அனுப்பத் தெரிந்த ஊர் நம்முடையது. அதே ஆட்கள் மூன்று மாதம் முன்னதாகப் போனால் வேலை பாதி முடிந்தது.

போகும்போது நேர்த்தியைப் பற்றியும் விதியைப் பற்றியும் பாடம் எடுக்க வேண்டாம். கோணேசர் கோயிலுக்குக் காவடி நேர்ந்திருந்தாலும் பள்ளிவாசலில் துஆ கேட்டிருந்தாலும் அது அவர்களுடைய பிடிமானம், அதை நோய்த்தணிப்பும் மதிக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய் என்று சொல்பவரைத்தான் தடுக்க வேண்டும். “நான் இரண்டு மணித்தியாலம் பிள்ளையோடு இருக்கிறேன், நீ குளிச்சிட்டுப் படு” என்று சொல்லுங்கள். ஒக்ஸ்ஃபோர்டில் அந்தக் கன்னியாஸ்திரி செய்ததும் அதைத்தான்.

அதற்குப் பிறகு

பெரியவர் ஒருவர் போனால் எட்டு, முப்பத்தொன்று, கன்னியா வெந்நீரூற்றில் கிரியை என்று துக்கத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். சின்னப் பிள்ளையென்றால் புதைத்துவிட்டுச் சடங்குகளைச் சுருக்கிக்கொள்வது சைவ வீடுகளில் வழக்கம். காரணம் இரக்கம்தான். ஆனால் அதனால் வருகைகளும் சுருங்கிவிடுகின்றன. ஒரு கிழமையில் வீடு அமைதியாகிவிடும். தகப்பன் வேலைக்குப் போய்விடுவான். “இன்னொரு பிள்ளை பெத்துக்கொள்” என்று யாராவது சொல்லுவார்கள். நோய்த்தணிப்புப் பராமரிப்பில் பிள்ளை இறந்த பிறகும் குடும்பத்தைத் தொடர்ந்து பார்ப்பது வேலையின் ஒரு பகுதி: ஒரு மாதத்தில் ஓர் அழைப்பு, பிறந்தநாளன்று ஒரு வருகை, சகோதரத்தின் பள்ளிக்கூடத்தில் ஒரு விசாரிப்பு. குழு இல்லாத இடத்தில் அயலவர் செய்யலாம்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளையின் வீட்டுக்கு நான் வாசலைத் தாண்டிப் போக இரண்டு வருடமானது. என்ன கதைப்பதென்று தெரியாமல் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவளுடைய படம் இருக்கிறதா என்று கேட்டேன். தாய் அலுமாரிக்குள்ளிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து வந்தாள். மருந்துக் குறிப்புகளைத் தாண்டிப் பின்மட்டையில் பென்சிலால் இரண்டு வரிசைக் கோடுகள். பாம்பும் ஏணியும் விளையாட்டில் யார் எத்தனை தரம் வென்றது என்ற கணக்கு. அக்கா நாற்பத்தொன்று, தம்பி முப்பத்தாறு. பக்கத்தில் நின்ற தம்பி உடனே சொன்னான்: “அதில அஞ்சு கள்ளாட்டம், ஆன்ரி. நான் நித்திரையா இருக்கேக்க போட்ட கோடு.” தாய் சிரித்தாள். பிறகு உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.